பந்தாட்டமும் பகைமையும்

விளையாட்டு என்பது உழைப்பின் களைப்பை ஆற்றிக்கொள்ளுதற்கு மக்கள் அமைத்துக்கொண்டதொரு வழியென்றே யாம் இளமையிற் கருதியிருந்தோம். வெற்றி வந்தால் மகிழ்வதும், தோல்வி வந்தால் சிறிது வாடுவதும், இரவு உணவுக்குமுன் இரண்டையும் மறந்துவிடுவதுமே அறிவுடையார் செயலென்பது எம் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதையும், பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைக் கண்டு கைகொட்டி மகிழும் இழிகுணம் எம்முள்ளேயே ஒளிந்து கிடந்தது என்பதையும், கடல் கடந்து சென்றவிடத்து ஓர் இரவில் அறிந்துகொள்ள நேர்ந்தது. அதனை எழுதுதற்கு நாணமே மிகுகின்றது. எனினும், எமக்குப் பின் இக்கலாசாலையிற் பயிலும் இளைஞர்க்கு ஒருவாறு பயன்படக்கூடுமென்று கருதி ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

2013 ஆம் ஆண்டில் மேற்படிப்பின்பொருட்டு அமெரிக்கா சென்று, கலிபோர்னியா மாகாணத்து ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஈராண்டு தங்கினோம். யாம் குடியிருந்த மாடியறைக்கு உரியவர் அறுபது வயது கடந்த ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சிற் சுருக்கமும் செயலில் ஒழுங்கும் உடைய அவர், வீட்டினுள்ளும் ஒரு கறுப்புத் தொப்பியைக் கழற்றுவதில்லை. யாம் சென்ற முதல் வாரத்தில் ஒரு நாட்காலை நீல நிறச் சட்டையணிந்து மாடியினின்று இறங்கி வந்தோம். அவர் எம்மை மேலுங்கீழும் நோக்கி, "தம்பி, அந்த நிறம் இந்த வீட்டுக்கு ஆகாது" என்றார். வேடிக்கையாகச் சொல்கின்றார் என்று யாம் நகைத்தோம். அவர் நகைக்கவில்லை.

கறுப்பு நிறம் ஸான் பிரான்ஸிஸ்கோ ஜயண்ட்ஸ் என்னும் பேஸ்பால் கட்சியாரின் நிறமென்பதும், நீலம் ஏறத்தாழ 380 மைல் தெற்கேயுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டாட்ஜர்ஸ் கட்சியாரின் நிறமென்பதும், இவ்விரு கட்சியாரின் பகைமை நூறாண்டுக்கு மேற்பட்டதென்பதும் பின்னரே எமக்கு விளங்கின.

பேஸ்பால் என்பது யாதென அறியாதார்க்கு ஒரு சொல். அது நம் நாட்டார் அறிந்த கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவு பூண்டதே. கட்சிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒருவர் பந்தெறிய, எதிர்க்கட்சியார் ஒருவர் உருண்டை மட்டையால் அதனை அடிக்க முயல்வார். அவர்க்குப் பின்னே முகக்கவசம் அணிந்து, எறிவோர் கட்சியைச் சேர்ந்த ஒருவர் பந்தைப் பிடிக்கக் குந்தியிருப்பார். நான்கு மூலைகளாக அமைந்த நிலைகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே மீண்டு வந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் ஒரு கட்சியின் முறை முடிந்தது. பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்தவர் ஓடவும் வேண்டா, நடந்தே சுற்றி வரலாம். அதனை ஹோம் ரன் என்பர். இக்காலத்தில் ஒரு கட்சி ஆண்டுதோறும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஆகவே வசந்தகாலம் முதல் இலையுதிர்காலம் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஒரு வெற்றியோ தோல்வியோ அபிமானிகளின் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்.

மாலை வேளைகளிற் பெரியவர் கொல்லைப்புறப் படியில் வானொலிப்பெட்டியை வைத்துக்கொண்டு அமர்வார். தனிமை பொறாது யாமும் அருகில் அமரத் தொடங்கினோம். ஆட்டத்தின் இடையிடையே அவர் சொல்லிய பழங்கதைகளே எம்மை முதலிற் கவர்ந்தன.

இவ்விரு கட்சிகளும் பிறந்த இடம் கலிபோர்னியா அன்று. நாட்டின் மற்றொரு கோடியிலுள்ள நியூ யார்க் நகரமே. இரண்டும் தோன்றியது 1883 ஆம் ஆண்டில். அக்காலத்திற் புரூக்ளின் தனி நகரமாயிருந்தது. 1898 ஆம் ஆண்டிலேயே அது நியூ யார்க்கோடு இணைக்கப்பட்டது. ஜயண்ட்ஸ், அதாவது இராட்சதர், என்ற பெயர் பூண்டவர் பெருநகரத்தார். மின்சார டிராம் வண்டிகளுக்கு இடையே விலகி விலகித் தெருவைக் கடக்கும் புரூக்ளின் மக்களின் பட்டப்பெயரே டாட்ஜர்ஸ் என்று மற்றக் கட்சிக்கு அமைந்தது. ஒரே நகரம், ஒரே லீக், இடையே ஓர் ஆறும் சில பாலங்களும்: பகைமை வளர இதனினும் நல்ல நிலம் வேண்டுமோ?

நட்பும் அந்நிலத்திற் பகையாக முளைத்தது. ஜயண்ட்ஸ் கட்சியை 1902 முதல் 1932 வரை நடத்திய ஜான் மக்ரா என்பாரும், வில்பர்ட் ராபின்ஸன் என்பாரும் இளமையில் ஒரே கட்சியில் ஆடிய உயிர்த்தோழர். 1913 ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயத்திற்குப் பின் இருவரும் மனம் வேறுபட்டுப் பிரிந்தனர். அடுத்த ஆண்டே ராபின்ஸன் புரூக்ளின் கட்சிக்குத் தலைவராய் அமர்ந்து, 1931 வரை பழந்தோழரை எதிர்த்து நின்றார்.

1934 ஆம் ஆண்டின் கதையைச் சொல்லும்போது பெரியவர் தம் கட்சியின் தவற்றை ஒளிக்கவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில், ஜயண்ட்ஸ் தலைவர் பில் டெரி, புரூக்ளின் இன்னும் லீகில் இருக்கின்றதா என்று பத்திரிகைக்காரர் முன்னே ஏளனமாக வினவினார். ஆண்டின் கடைசி இரண்டு ஆட்டங்கள் அந்தப் புரூக்ளினோடேயே அமைந்தன. பட்டியலிற் கீழே கிடந்த புரூக்ளின் கட்சியார் இரண்டிலும் வென்றனர். ஜயண்ட்ஸ் கைக்கு எட்டிய வெற்றிக்கொடி ஸெயின்ட் லூயிஸ் கட்சியாரிடம் போயிற்று. "வாயால் இழந்த கொடி" என்று சொல்லிப் பெரியவர் வானொலியின் ஒலியைக் கூட்டினார்.

எனினும், 1951 ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுங்கால் அவர் குரலே மாறிவிடும். அவ்வாண்டு ஆகஸ்டு நடுவில் டாட்ஜர்ஸ் ஏறத்தாழ 13 ஆட்டங்கள் முன்னின்றனர். ஜயண்ட்ஸ் மனந்தளராது கடைசி 44 ஆட்டங்களில் 37 ஐ வென்று அவரை எட்டிப் பிடித்தனர். இரு கட்சியாரும் 96 வெற்றியோடு சமமாய் நிற்கவே, மூன்று ஆட்டங்களால் முடிவு செய்தல் வேண்டியதாயிற்று. முதலாட்டம் ஜயண்ட்ஸ்க்கு, இரண்டாவது டாட்ஜர்ஸ்க்கு. மூன்றாவது அக்டோபர் 3 ஆம் நாள் நடைபெற்றது. கடைசி இன்னிங்ஸ் தொடங்குகையில் டாட்ஜர்ஸ் நான்கு, ஜயண்ட்ஸ் ஒன்று. ஜயண்ட்ஸ் மற்றுமோர் ஓட்டம் பெற்று, இரு நிலைகளில் ஆட்களும் நிற்க, டாட்ஜர்ஸ் தம் பந்தெறிவோரை மாற்றி ரால்ப் பிராங்கா என்பாரை அனுப்பினர். அவர் எறிந்த இரண்டாம் பந்தை பாபி தாம்ஸன் இடப்புறச் சுவருக்கு அப்பால் அடித்தார். ஐந்துக்கு நான்கு, ஆட்டம் முடிந்தது. ஒரு கரையில் மக்கள் தெருவில் இறங்கி ஆடினர். மறு கரையிற் கதவுகள் அடைபட்டன.

அவ்வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. மைதானத்தின் கோடியிலிருந்த தம் அறையினின்று, எதிர்க்கட்சியின் பந்து பிடிப்போர் விரலாற் காட்டும் குறிகளைத் தொலைநோக்கியால் அறிந்து, மின்சார மணி வாயிலாகத் தம்மவர்க்கு உணர்த்தும் ஏற்பாட்டை ஜயண்ட்ஸ் அவ்வாண்டில் நெடுநாள் கையாண்டமை 2001 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அந்தப் பந்தைத் தாம் முன்னறிந்து அடிக்கவில்லை என்றே தாம்ஸன் கூறிவந்தார். பெரியவர் இதனையும் மறைக்கவில்லை. "அச்செய்தி பத்திரிகையில் வந்த நாளில் என் தந்தை உயிரோடில்லை, அதுவும் நன்மைக்கே" என்றார்.

அவருடைய தந்தையார் நியூ யார்க்கிற் பிறந்தவர். ஜயண்ட்ஸ் பற்றே உருவானவர். தாய்மாமனோ புரூக்ளின்வாசி, டாட்ஜர்ஸ் பற்றில் அவர்க்கு இளைத்தவரல்லர். மைத்துனர் இருவரும் ஒரே மேசையில் உண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில், பெரியவரின் தாயார் பந்தாட்டப் பேச்சு எழாதபடி இடையே அமர்ந்திருப்பாராம், எழுந்தே தீருமாம்.

இங்ஙனமிருக்க, 1957 ஆம் ஆண்டில் எவரும் எதிர்பாராத இடி விழுந்தது. டாட்ஜர்ஸ் கட்சிக்கு உரியவரான வால்டர் ஓமாலி, சிறியதும் பழையதுமான எப்பெட்ஸ் மைதானத்தை விட்டுப் புரூக்ளினிலேயே புதியதொன்று கட்ட விரும்பினார். நகரத்தின் கட்டுமானங்களில் பெருஞ்செல்வாக்குற்றிருந்த ராபர்ட் மோஸஸ் அவ்விடத்திற்கு இசையவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கைநீட்டி அழைத்தது. ஆயின், கட்சி ஒன்று மட்டும் அத்துணைத் தொலைவு சென்றால், அதனோடு ஆடுதற்கு மற்றவர் மேற்கொள்ளும் பயணம் பெருஞ்செலவாகும். மேலும், பகைவரை நியூ யார்க்கில் விட்டுச் சென்றால் பகைமையின் வருவாயும் அங்கேயே நின்றுவிடும். ஜயண்ட்ஸ்க்கு உரியவரான ஹோரஸ் ஸ்டோன்ஹாம், கூட்டம் குறைந்துவிட்டமையால் மினியாபொலிஸ் நகருக்குக் குடிபெயர எண்ணியிருந்தார். ஓமாலி அவரிடம் ஸான் பிரான்ஸிஸ்கோவின் சிறப்பை எடுத்துரைத்து மனத்தைத் திருப்பினார். ஆகஸ்டு 19 இல் ஜயண்ட்ஸ் தம் முடிவை அறிவித்தனர். அக்டோபர் 8 இல் டாட்ஜர்ஸ் அறிவித்தனர்.

யாம் இதனைக் கேட்டு வியந்தோம். ஊரை விட்டார், மைதானத்தை விட்டார், கண்ணீர் விட்ட அபிமானிகளை விட்டார், பகைவரை மட்டும் விடாது உடனழைத்துச் சென்றார்! பகைவரின்றித் தமக்குப் பொருளில்லை என்பதை அவ்வணிகர் நன்குணர்ந்திருந்தார். புரூக்ளின் மைதானம் 1960 இலும், நியூ யார்க் மைதானம் 1964 இலும் இடிக்கப்பட்டன. பேஸ்பால் போல வண்ணந்தீட்டிய ஒரே இரும்புக் குண்டே இரண்டையும் இடித்தது என்பர்.

பெரியவரின் தந்தையார் சில ஆண்டுகள் கழித்துத் துறைமுக வேலை தேடி, மனைவி மக்களோடு ஸான் பிரான்ஸிஸ்கோ வந்து சேர்ந்தார். தம் கட்சியை மீண்டும் கண்டார். எனினும் அவர் முகம் முன்போல மலரவில்லையாம். தாய்மாமனோ புரூக்ளினிலேயே தங்கி, அதன்பின் எந்தக் கட்சிக்கும் கைகொட்டாதவராய்க் காலங்கழித்தார். "ஞாயிற்றுக்கிழமைகளில் என் தந்தை எதிர்நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உண்பார். சண்டையிட ஆளில்லாத வெற்றி அவர்க்கு உப்பில்லாப் பண்டமாயிற்று" என்று பெரியவர் ஒருநாட் சொன்னார். அச்சொல்லின் ஆழத்தை யாம் அன்று உணர்ந்தோமில்லை.

உணராததோடு நில்லாது, எதிரான வழியில் வெகுதூரம் சென்றோம். முதல் மாதத்தில் வேடிக்கை பார்த்தவர், மூன்றாம் மாதத்திற் கறுப்புத் தொப்பி வாங்கினோம். 1962 ஆம் ஆண்டில், விரைந்தோடுவதில் வல்லவரான டாட்ஜர்ஸ் வீரர் மோரி வில்ஸின் கால்கள் வழுக்கும்படி ஜயண்ட்ஸ் மைதானக்காரர் ஓடுவழியை நீர்பாய்ச்சிச் சேறாக்கிய கதையைக் கேட்டு, வயிறு குலுங்க நகைத்தோம். அவ்வாண்டும் இரு கட்சியாரும் சமமாக நின்று, மூன்றாம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் ஜயண்ட்ஸ் வென்றது அதே அக்டோபர் 3 ஆம் நாளென்பதை மந்திரம்போல உருப்போட்டோம். 1982 ஆம் ஆண்டு அதே நாளில், தம் கட்சிக்கு முதலிடம் கிட்டாதென்று தெரிந்தும், ஜோ மார்கன் அடித்த ஹோம் ரன் டாட்ஜர்ஸையும் வெளியேற்றியது எமக்குத் தேனாய் இனித்தது. 1993 ஆம் ஆண்டு அதே அக்டோபர் 3 இல், 103 வெற்றி பெற்றிருந்த ஜயண்ட்ஸை டாட்ஜர்ஸ் 12 க்கு 1 என்று வீழ்த்தி, அவர் முதலிடத்தை இழக்கச் செய்தது எமக்கே இழைக்கப்பட்ட அநீதியாய்த் தோன்றிற்று. அந்நாளில் யாம் பேஸ்பால் என்னும் பெயரையும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வரவில்லை.

எம்மோடு ஆராய்ச்சிசாலையில் வேலை செய்த மாணவரொருவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தவர். யாம் அந்நாட்டிற்கு வந்திறங்கிய நாட்களில் கடைத்தெருவைக் காட்டியவரும், சுரங் கண்டபோது கஞ்சி கொணர்ந்தவரும் அவரே. நீலத் தொப்பிக்காரர் என்று அறிந்தபின், டாட்ஜர்ஸோடு ஆட்டம் நடக்கும் நாட்களில் அவரோடு நண்பகலுணவு உண்பதை யாம் நிறுத்திக்கொண்டோம். அவர் அதனை வேடிக்கையென்றே கருதியிருந்தார். எமக்கும் அது வேடிக்கையாகவே தொடங்கிற்று. எந்நாளில் அது மெய்யாயிற்று என்பதை எம்மாற் சொல்லக்கூடவில்லை.

ஓர் இரவு பெரியவர், யாம், அம்மாணவர் ஆகிய மூவரும், 2000 ஆம் ஆண்டில் கடற்கரையோரம் திறக்கப்பட்ட ஜயண்ட்ஸ் மைதானத்திற்கு டாட்ஜர்ஸோடு நடக்கும் ஆட்டம் காணச் சென்றோம். கடற்காற்று குளிர்ந்து வீசிற்று. எதிர்க்கட்சியார் முன்னின்றமையால் எம்மைச் சூழ்ந்திருந்தோர் பொறுமையிழந்திருந்தனர். அப்போது எம்மவர் எறிந்த வேகப்பந்து குறிதவறி, டாட்ஜர்ஸ் வீரர் ஒருவரின் முன்கையிற் பட்டது. அவர் மட்டையை விட்டு மண்டியிட்டார். வலியால் தலை நிலத்தைத் தொட்டது. மருத்துவர் ஓடிவந்தனர். அக்கணத்தில் இரு கைகள் படபடவென்று தட்டும் ஒலி கேட்டது. அவை எம் கைகளே என்பதைச் சிறிது பொழுது சென்றே உணர்ந்தோம்.

சுற்றிலும் சிலர் எம்மைத் திரும்பி நோக்கினர். அம்மாணவர் எம் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கூறாது எழுந்து, தம் நீலத் தொப்பியைக் கையிற் பிடித்தவாறே படிகளிற் இறங்கிப் போய்விட்டார். பெரியவர் தம் கறுப்புத் தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார். அவர் தலையை யாம் வெறுமையாகக் கண்டது அன்றே முதன்முறை. அடிபட்ட வீரர் எழுந்து நடக்கும்வரை அவர் அதனை அணியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை. கொல்லைப்புறப் படியில் அமர்ந்தபின் அவர் கூறியதை இயன்றவரை அவர் சொற்களிலேயே தருகின்றோம்.

"தம்பி, உன்னைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. 1965 ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பழைய மைதானத்தில் நாற்பதினாயிரம் பேருக்கு நடுவில் நானும் இருந்தேன். எனக்கு வயது பதின்மூன்று. எங்களுக்குப் பந்தெறிந்தவர் ஹுவான் மாரிச்சால். அவர் டாட்ஜர்ஸ் வீரர் இருவரைப் பந்தால் அச்சுறுத்தித் தரையில் விழச் செய்திருந்தார். பின்பு அவர் மட்டை பிடித்து நின்றபோது, பின்னே இருந்த டாட்ஜர்ஸ்காரர் ஜான் ரோஸ்பரோ, பந்தெறிவோர்க்குப் பந்தைத் திருப்பி எறியும் சாக்கில், அதனை மாரிச்சாலின் காதோரம் உராயுமாறு விட்டெறிந்தார். வாய்ச்சொல் வளர்ந்தது. மாரிச்சால் மட்டையை ஓங்கி ரோஸ்பரோவின் தலையில் அடித்தார். இரத்தம் முகமெல்லாம் வழிந்தது. இரு கட்சியாரும் கைகலந்தனர். அப்போது நான் நாற்காலிமேல் ஏறிநின்று, 'இன்னும் அடி, இன்னும் அடி' என்று கத்தினேன். என் தந்தை தம் கையால் என் வாயைப் பொத்தினார். அந்தக் கையின் உப்பு இன்னும் என் நாவில் இருக்கிறது."

சிறிது நேரம் சென்று மேலும் சொன்னார்: "எங்கள் கட்சியில் எல்லார்க்கும் மேலானவர் வில்லி மேய்ஸ். அவர் என்ன செய்தார் தெரியுமா? சண்டைக்குள் புகுந்து, பகைவரான ரோஸ்பரோவின் தலையைத் தம் கைகளில் ஏந்தி, கண்ணீரோடு அவரை வெளியே அழைத்துச் சென்றார். அவருடைய சட்டையில் இரத்தக்கறை. நான் கத்தியது அந்தச் சட்டையை அணிந்த கட்சிக்காகத்தான்."

ரோஸ்பரோவின் தலையில் 14 தையல்கள் போடவேண்டியதாயிற்று. மாரிச்சாலுக்கு 1,750 டாலர் அபராதமும், எட்டு ஆட்ட நாட்கள் விலக்கும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு அவ்விருவர் நெஞ்சிலும் வேறு பாரங்களும் இருந்தன. மாரிச்சாலின் தாய்நாடாகிய டொமினிக்கன் குடியரசில் உள்நாட்டுப்போர் மூண்டிருந்தது. ரோஸ்பரோ வாழ்ந்த லாஸ் ஏஞ்சலிஸில், வாட்ஸ் என்னும் பகுதியில் அதற்கு முந்திய வாரமே பெருங்கலகம் நிகழ்ந்து ஓய்ந்திருந்தது. ஆட்டக்காரரும் மனிதரே, தம் ஊர்த் துயரை மைதான வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர எவர்க்கும் இயலாது.

கதை அங்ஙனமே முடிந்திருந்தால் யாம் இதனை எழுதியிரோம். 1975 ஆம் ஆண்டில், ஆட்ட வாழ்வின் அந்தியில், மாரிச்சால் டாட்ஜர்ஸ் கட்சியிலேயே சேர நேர்ந்தது. அந்நகர மக்கள் கொதித்தெழுந்தபோது, அவரை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டவர் ரோஸ்பரோ. 243 ஆட்டங்களை வென்ற மாரிச்சாலின் பெயர் 1981 இலும் 1982 இலும் பேஸ்பால் புகழ் மண்டபத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அந்த ஓர் அடியே குறுக்கே நின்றதென்பர். அப்போது ரோஸ்பரோ தம் குடும்பத்தோடு டொமினிக்கன் குடியரசு சென்று, மாரிச்சால் நடத்திய விழாவொன்றிற் கலந்துகொண்டு, தாம் மன்னித்துவிட்டமையை உலகறியச் செய்தார். 1983 ஆம் ஆண்டில் மாரிச்சால் அம்மண்டபத்தில் இடம்பெற்றபோது, அவையோர் முன்னிலையில் ரோஸ்பரோவுக்கு நன்றி கூறினார். 2002 ஆம் ஆண்டில் ரோஸ்பரோ காலமானார். அவருடைய இறுதிச்சடங்கிற் கலந்துகொண்ட மாரிச்சால், தாம் எறிந்த பந்தைப் பிடிப்பவராக அவர் அமைந்திருக்கலாகாதா என்று ஏங்கிப் பேசினார்.

தாம்ஸனும் பிராங்காவும்கூட முதுமையில் நண்பராயினர். தொலைநோக்கியின் செய்தியைப் பிராங்கா பல ஆண்டுகளுக்கு முன்பே கேள்வியுற்றிருந்தும், தோல்விக்குச் சாக்குக் கூறுவதாகும் என்று கருதி நெடுநாள் வாய்திறந்திலர். அடித்தவரும் அடிக்கப்பட்டவரும் ஒரே மேடையில் அமர்ந்து, ஒரே படத்தின்மேல் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்து வந்தனர்.

ஆடுவோர் இங்ஙனம் பகையை ஆற்றிக்கொள்ள, காண்போர் அதனை வளர்ப்பதேன்? 2011 ஆம் ஆண்டு மார்ச்சு 31 ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில், ஜயண்ட்ஸ் அபிமானி ஒருவர் இருவராற் கொடுமையாகத் தாக்கப்பட்டு, மூளையில் ஆறாத காயமுற்றார். அவர் செய்த குற்றம் ஜயண்ட்ஸ் சட்டை அணிந்து சென்றமையே. அடுத்து இரு கட்சியாரும் ஸான் பிரான்ஸிஸ்கோவிற் சந்தித்தபோது, ஆட்டத்திற்குமுன் இரு நிறத்தாரும் மைதான நடுவில் ஒருங்கே நின்று, வன்முறை வேண்டாவென்று மக்களை வேண்டினர். பெரியவர் இதனையும் சொல்லி, "அந்த இருவரும் பிறக்கும்போதே கொடியவரல்லர். முதலிற் கைதட்டித்தான் இருப்பார்கள்" என்று முடித்தார்.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. கைதட்டுதற்கும் கையோங்குதற்கும் இடையேயுள்ள தூரம் பெரிதென்றே யாம் எண்ணியிருந்தோம். அது பெரிதன்று, ஒரே சாலையின் இரு மைற்கற்களே அவை. எம் கட்சி வெல்லவேண்டும் என்னும் விருப்பத்தில் யாதொரு குற்றமுமில்லை. எதிர்நிற்பவன் மனிதன் என்பதை மறக்குமளவும் அவ்விருப்பம் வளர்வதே குற்றம். அவனின்றி எம் வெற்றிக்கும் பொருளில்லை. எதிர்நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உண்ட அத்தந்தையார் இதனை அறிந்திருந்தார். பகைவரை உடனழைத்துச் சென்ற வணிகரும் தம் வழியில் அறிந்திருந்தார். யாம் மட்டும் அறியாதிருந்தோம்.

மறுநாள் நண்பகலில் அம்மாணவர் அமர்ந்திருந்த மேசைக்குச் சென்று நின்றோம். முன்னே எண்ணிவைத்த சொற்களெல்லாம் நாவில் வறண்டன. "நேற்று யாம் செய்தது இழிவு" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் உடனே முகமலர்ந்தாரல்லர். சிறிது நேரம் எம்மை நோக்கியிருந்து, பின்பு தம் உணவுப்பெட்டியைச் சற்றே நகர்த்தி இடம் கொடுத்தார். அதற்குமேல் அதனைப்பற்றி இருவரும் பேசவில்லை. பழைய நகைப்பு மீளச் சில மாதங்களாயின.

யாம் தாயகம் திரும்பியபின்னும் பெரியவர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கடிதங்கள் எழுதுவதுண்டு. அவற்றுள் 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த கடிதத்தைப் பேணி வைத்திருக்கின்றோம். டாட்ஜர்ஸ் ஆட்டங்களை 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருணித்தவர் வின் ஸ்கல்லி. நீலக் கட்சியின் குரலே அவரென்பர். அவரோ சிறுவயதில் நியூ யார்க்கில் ஜயண்ட்ஸ் அபிமானி! 1936 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், ஒரு சலவைக்கடை வாயிலில் ஜயண்ட்ஸ் 18 க்கு 4 என்று தோற்றதாக எழுதியிருந்ததைக் கண்டு இரங்கி, அவ்விரக்கத்தினாலேயே அக்கட்சிமேற் பற்றுக்கொண்டாராம். எண்பதாண்டு கழித்து, அதே அக்டோபர் 2 இல், அவர் வருணித்த கடைசி ஆட்டம் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜயண்ட்ஸோடு நடந்தது. வில்லி மேய்ஸ் அவர் இருந்த அறைக்கே சென்று வாழ்த்தினார். 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் ஸ்கல்லி காலமானபோதும், டாட்ஜர்ஸ் அந்நகரிலேயே ஆடிக்கொண்டிருந்தனர். ஜயண்ட்ஸ் மைதானத்தின் பெருந்திரையில் அவர்க்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

அவ்விரவு பெரியவரும் அங்கிருந்தாராம். கடிதத்தின் முடிவில் அவர் எழுதியிருந்தது இவ்வளவே: "எங்கள் கட்சி அன்று தோற்றது. செய்தி தெரிந்ததும் நான் தொப்பியைக் கழற்றினேன். பக்கத்திலிருந்த சிறுவன், 'தாத்தா, அவர் அவர்கள் ஆளல்லவா?' என்று கேட்டான். 'ஆம், அதனால்தான்' என்றேன்."

நம் கலாசாலை மைதானத்திலும் பந்தய நாட்கள் வரும், எதிர்க்கட்சியார் வருவர், தொண்டை வற்றக் கூவுவோம். கூவுதல் தகும். அவர் வீழ்ந்து எழமாட்டாது கிடக்கும்பொழுது நம் கைகள் என்ன செய்கின்றன என்பதை மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வோமாக. அந்தக் கறுப்புத் தொப்பி இன்றும் எம் மேசைமேல் இருக்கின்றது. அதனைக் காணுந்தோறும் அவ்விரவிற் கேட்ட கைத்தட்டல் எம் செவியில் ஒலிக்கின்றது.